கட்டை தள்ளி எழுதிய எடை

தப்பு நம்முடையது என்று தெரிந்தவுடன் அதை முதலில் யாரிடம் சொல்ல வேண்டும்? மேலே இருப்பவரிடமா, அந்தத் தப்புக்கு ஆளாகப் போகிறவரிடமா? மூன்று வருடமாக இதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் ஒரு பதில் சரியென்று படுகிறது. மறுநாள் காலையில் அது சரியில்லை என்று படுகிறது.

நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களில் எழுத்து வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதச் சொன்னார்கள். கற்றுக்கொடுக்கும் அளவுக்கு நான் மூத்தவள் அல்ல. பள்ளி இறுதி வகுப்பு முடித்துச் சேர்ந்து எட்டு வருடம் ஆகிறது, அவ்வளவுதான். பதிவேடுகளை எப்படி எழுதுவது என்பது உங்களுக்கு ஒரு மாதத்தில் பழகிவிடும். அதை விட்டுவிட்டு, எனக்கு இன்னும் பழகாத ஒன்றைச் சொல்கிறேன். இதில் வரும் டிரைவரின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். காஞ்சிபுரத்தில் இருப்பவர்களுக்கு அது யார் என்று தெரிந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும்.

எங்கள் சங்கத்துக்கு ஒரு பிக்கப் வண்டி வாங்கினார்கள். ராணுவத்தில் கழித்து ஏலத்தில் விட்டது. முன்னால் மூன்று பேர் உட்காரலாம். பின்னால் திறந்த தொட்டி, அதன்மேல் தார்ப்பாய். பார்வைக்கு ஊரில் ஓடும் மற்ற பிக்கப்புகளைப் போலத்தான் இருந்தது. சாயப்பட்டறையிலிருந்து நூல் கொண்டுவரவும், தாமல் பக்கத்துத் தறிக்காரர்களுக்குத் தறியில் ஏற்றும் பாவு நூலைக் கொண்டுபோய்க் கொடுக்கவும், பண்டிகைக் காலத்தில் புடவைகளை மெட்ராஸுக்கு அனுப்பவும் அந்த வண்டி. வந்து நின்ற அன்று உறுப்பினர் ஒருவர் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பொடவ ஏத்தறதுக்கு யானைய இட்டாந்துக்கிறீங்களே" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

வண்டியின் காகிதங்கள் என் மேசைக்கு வந்தன. டிரைவர் வேலைக்கு விளம்பரம் எழுத வேண்டும். வண்டி லைட்டா, ஹெவியா என்று பார்த்து, அதற்கான லைசென்ஸ் உள்ளவர் தேவை என்று குறிப்பிட வேண்டும். எனக்குக் கொடுத்த வேலை அவ்வளவே.

இங்கே நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. பிக்கப் என்ற பெயரை வைத்தோ, தொட்டியின் நீளத்தை வைத்தோ ஒரு வண்டியை லைட், ஹெவி என்று சொல்ல முடியாது. ஒரே முகஜாடையில் இரண்டு வண்டிகள் அடுத்தடுத்து நிற்கும். ஒன்று லைட்டாக இருக்கும், இன்னொன்று ஹெவியாக இருக்கும். அச்சு எவ்வளவு தாங்கும், பின்சக்கரத்துக்கு மேல் ஸ்பிரிங் பட்டைகள் எத்தனை அடுக்கு என்றெல்லாம் பார்த்து, இந்த வண்டி தன் எடையும் சுமையும் சேர்த்து இவ்வளவு வரை போகலாம் என்று பதிவுப் புத்தகத்தில் எழுதியிருப்பார்கள். சரக்கு வண்டிக்கு வகுப்பு அந்த எண்ணை வைத்துத்தான். இன்றைக்கு நாம் அதில் என்ன ஏற்றியிருக்கிறோம் என்பது கணக்கில் வராது. காலியாகப் போனாலும் ஹெவி, ஹெவிதான். லைட்டுக்கு எல்லை எத்தனை கிலோ என்று நான் எழுதவில்லை. திருத்தம் வந்துகொண்டே இருக்கிறது, அவ்வப்போது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில் மீடியம் என்று ஒரு வகுப்பும் உண்டு. சரியாகச் சொன்னால் எங்கள் வண்டி அதில்தான் சேரும். ஆனால் பேச்சில் லைட் அல்லாதது எல்லாமே ஹெவி. நானும் அப்படியே எழுதுகிறேன்.

இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்று பதிவுப் புத்தகத்தைத் திறந்தபோது இரண்டு எடைகள் இருந்தன. ஒன்று வண்டியின் காலி எடை. மற்றது சுமையோடு சேர்ந்த எடை. நான் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தேன். இரண்டாயிரம் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது, லைட் எல்லைக்கு வெகு கீழே. லைட் என்று எழுதினேன்.

ஏன் கழித்தாய் என்று பிற்பாடு கேட்டவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள். உள்ளூரில் ஒருவரும் கேட்கவில்லை. தறிக்காரர் மீதி நூலைச் சங்கத்தில் திருப்பிக் கொடுக்கும்போது அது மரக்கட்டையில் சுற்றியபடி வரும். கட்டையோடு தராசில் வைப்போம். பிறகு கட்டையின் எடையைக் கழிப்போம். மிஞ்சுவதுதான் நூல். "கட்ட தள்ளியா?" என்று கேட்காமல் எங்கள் தெருவில் யாரும் ஓர் எடையை ஒப்புக்கொள்வதில்லை. நான் தறிக்காரர் வீட்டுப் பெண். எடை என்றால் கட்டை தள்ளிய எடை என்பது எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். அந்தப் புத்தகத்தைப் பார்த்தபோது வண்டி எனக்குக் கட்டையாகவும், சுமை நூலாகவும் தெரிந்துவிட்டது.

அப்போது குழந்தை பிறந்து மூன்று மாதம். சரியான தூக்கமில்லை, அதனால் கை தவறிவிட்டது என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சரியல்ல. மறந்துபோனதால் வந்த தப்பு அல்ல அது. நன்றாகத் தெரிந்ததால் வந்த தப்பு. புதிதாக வந்திருக்கும் நீங்கள் தெரியாததை எப்படியும் நாலு பேரைக் கேட்டுத்தான் எழுதுவீர்கள். தெரிந்ததைத்தான் யாரையும் கேட்காமல் எழுதிவிடுவோம்.

விளம்பரத்தைப் பார்த்து வந்தவர் கன்னியப்பன். முசரவாக்கத்தில் பயிர் வைக்கும் குடும்பம். வயது நாற்பது இருக்கும். வாலாஜாபாத்தில் ஓர் அரிசி ஆலை முதலாளிக்கு ஏழு வருடம் கார் ஓட்டியவர். லைட் லைசென்ஸ் வைத்திருந்தார். நாங்கள் கேட்டதும் அதுதான். இரண்டு பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். முதலாளி ஊருக்குப் போனால் சம்பளம் நிற்கும் வேலையை விட்டு, மாதம் தவறாத சங்கத்து வேலைக்கு வந்ததில் அவருக்கு நிம்மதி. எட்டு மாதம் ஓட்டினார். ஒரு கீறல் இல்லை. வண்டி கிளம்பும் ஒவ்வொரு நாளும் நான் ஒரு டிரிப் சீட்டு எழுதிக் கொடுப்பேன். போகும் இடம், சரக்கு, டிரைவர் பெயர், வண்டியின் வகுப்பு. வகுப்பு என்ற கட்டத்தில் ஒவ்வொரு நாளும் லைட் என்று எழுதினேன்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை, குழந்தையை நகராட்சிக் குழந்தை நல நிலையத்துக்கு எடை பார்க்க எடுத்துப் போனேன். சீட்டில் போன தடவையைவிட முந்நூறு கிராம் குறைவாக எழுதியிருந்தார்கள். நான் வேலைக்குப் போவதால்தான் இளைக்கிறாளா, நாத்தனார் நேரத்துக்குப் பால் கொடுப்பதில்லையா, அவரிடம் எப்படிக் கேட்பது என்று அங்கேயே நின்று என்னென்னவோ யோசித்தேன். நர்ஸம்மா சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"போன தபா துண்டோட போட்டுக்கிறாங்க. நான் இன்னிக்கி தள்ளிப் போட்டேன். உம் பொண்ணு எளைக்கலம்மா, துண்டுதான் எளைச்சிருக்குது."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிள்ளையார்பாளையம் பக்கம் நடந்து வரும்போது, துண்டோடு ஓர் எடை, துண்டு இல்லாமல் ஓர் எடை என்பது மனசிலேயே நின்றது. சங்கத்துப் பதிவுப் புத்தகத்தின் அந்த இரண்டு எடைகளும் அதன் பக்கத்தில் வந்து நின்றன. எதை வைத்து வகுப்பு என்று நான் யாரையாவது கேட்டேனா? கேட்கவில்லை.

குழந்தையை நாத்தனாரிடம் விட்டுவிட்டுச் சங்கத்துக்குப் போனேன். வாசலில் வண்டியில் புடவைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மெட்ராஸில் அன்று மாலை கண்காட்சி தொடக்கம். கன்னியப்பன் தார்ப்பாய்க் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். பீரோவிலிருந்து பதிவுப் புத்தகத்தை எடுத்தேன். லைசென்ஸ் விதிகள் அச்சடித்த ஒரு சிறு புத்தகம் அதே பீரோவில் எட்டு மாதமாக இருந்தது. அதையும் எடுத்துப் படித்தேன். சந்தேகத்துக்கு இடமே இல்லை. சேர்ந்த எடைதான். எங்கள் வண்டி லைட் எல்லையைத் தாண்டியிருந்தது.

கன்னியப்பன் வாசலில் இருபது அடி தூரத்தில் நின்றார். செயலாளர் அறை அதற்கு எதிர்ப்பக்கம். நான் செயலாளரிடம் போனேன். முறை அதுதான் என்று அப்போது ஒரு விநாடிகூட எனக்குச் சந்தேகம் வரவில்லை. எனக்கு எப்போதும் எல்லாவற்றிலும் சந்தேகம் வரும். அன்று வரவில்லை.

செயலாளர் கெட்டவர் அல்ல. முழுவதையும் கேட்டார். புடவைதானே ஏற்றுகிறோம், நாலு மூட்டை நெல்லின் எடைகூட வராதே, இது எப்படி ஹெவி என்றார். வண்டி என்ன சுமக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை, என்ன சுமக்கலாம் என்பதைத்தான் பார்க்கிறார்கள் என்று சொன்னேன். பிறகு, எட்டு மாதமாக ஒருவரும் கேட்கவில்லை, இன்றைக்கு ஒரு நாள் போய் வரட்டும், தீபாவளி கழிந்ததும் பார்ப்போம் என்றார்.

"அவன்கிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாதம்மா. பயந்துக்கினு ஓட்றவன்தான் இடிப்பான்."

அந்தப் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். என் மேசைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். அதே ஆள், அதே வண்டி, அதே ரோடு. எட்டு மாதம் நடக்காதது இன்றைக்கு மட்டும் ஏன் நடக்க வேண்டும்? ஆனால் ஒன்று நடந்துவிட்டால், லைசென்ஸ் வேறு வகுப்பு என்று இன்ஷூரன்ஸ்காரர் கைவிரித்துவிடுவார். அடிபட்டவருக்கும் ஒன்றும் கிடைக்காது. போலீஸ் கேட்கும்போது சங்கம், டிரிப் சீட்டில் லைட் என்றுதானே இருக்கிறது, எங்களுக்குத் தெரியாது என்று சொல்லும். நேற்றுவரை அது உண்மை. இன்று நான் செயலாளரிடம் சொல்லிவிட்டதால் அது பொய். மாட்டிக்கொள்வது ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் மட்டும்தான். தெரியாமல் அவர் ஓட்டியதற்கும், தெரிந்துகொண்டே நாங்கள் அவரை ஓட்டச் சொல்வதற்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன்.

கன்னியப்பன் சீட்டு வாங்க வந்தார். இடம் எழுதினேன். சரக்கு எழுதினேன். பெயர் எழுதினேன். வகுப்பு என்ற கட்டத்துக்கு வந்தபோது ஹெவி என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அவரிடம் நீட்டினேன். அவர் சீட்டைப் படிக்காமல் மடித்துப் பையில் வைப்பதே வழக்கம். அன்று நான் கையை எடுக்கத் தாமதித்தேனோ என்னவோ, படித்தார்.

"இன்னாம்மா இது. நேத்து வரைக்கும் லேசா இருந்துது, இன்னிக்கி கனமா பூட்சா?"

எடை பார்த்ததில் நான் தப்புச் செய்துவிட்டேன் என்றேன். கட்டை தள்ளி எழுதிவிட்டேன் என்றேன். அவர் பயிர் வைக்கும் குடும்பத்துக்காரர். கட்டை என்றால் என்ன என்று அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் வோணாம்மா. நான் ஓட்லாமா, ஓட்டக்கூடாதா? அத்த மட்டும் சொல்லு."

"ஓட்டக்கூடாதுங்க."

"எப்பத்திலேர்ந்து?"

"மொத நாள்லேர்ந்து."

அவர் வெளியே வண்டியைப் பார்த்தார். செயலாளருக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும், அரை மணி நேரத்துக்கு முன்னால் சொன்னேன் என்றேன்.

"வாசல்லதானே நின்னுக்கினு இருந்தேன். கொயந்த எப்டிக்கீதுன்னு கேட்டேனே. எங்கையில சொல்லிட்டு அவுருகிட்ட போயிருந்தா, நானே உள்ள போயி, எனக்கு ஒத்துக்காதுங்க, ரெண்டு மாசம் டைம் குடுங்க, பெரிய லைசென்ஸ் எடுத்துக்கினு வரேன்னு கேட்டிருப்பேன். இப்ப அவுரு போன்னு சொல்லி நான் போவலன்னு ஆவுது."

சாவியை மேசைமேல் வைத்தார். தூக்கிப் போடவில்லை, வைத்தார்.

அவர் சொன்னபடியேதான் ஆயிற்று. செயலாளருக்கு, தான் வேண்டாமென்று சொல்லியும் நான் டிரைவரிடம் சொன்னேன் என்பதைவிட, தான் போகச் சொல்லியும் டிரைவர் வண்டி எடுக்கவில்லை என்பதுதான் பெரிதாகப் பட்டது. வாடகை லாரி பிடித்துப் பெட்டிகளை மாற்றி ஏற்றினார்கள். மெட்ராஸ் போய்ச் சேரும்போது கண்காட்சியைத் திறந்துவைத்துவிட்டுப் பெரியவர்கள் போய்விட்டிருந்தார்கள். எங்கள் இடத்தில் வெறும் மேசை இருந்ததாம். அடுத்த வாரம் நிர்வாகக் குழு கூடியது. கன்னியப்பன், சங்கத்து வண்டியிலேயே பழகிப் பெரிய லைசென்ஸ் எடுக்க அனுமதி கேட்டார். மறுத்துவிட்டார்கள். சங்கத்தில் லைட் வண்டி இல்லை, ஆகவே லைட் டிரைவருக்கு வேலை இல்லை என்று தீர்மானம் எழுதினார்கள். அந்தத் தீர்மானத்தை நகல் எடுத்தவளும் நான்தான்.

எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். நடந்தது என் தப்பு என்று தீர்மானத்தில் எழுதச் சொல்லிக் கேட்டேன். எழுதினார்கள். "எழுத்துப் பிழை" என்று எழுதினார்கள். லகரம் மாறினால் எழுத்துப் பிழை. இது அப்படியல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். குழந்தையின் முகம் நினைவுக்கு வந்தது, இந்தச் சம்பளம் நினைவுக்கு வந்தது, பேசாமல் இருந்துவிட்டேன். தப்புச் செய்தவள் நாற்காலியில் இருந்தேன். செய்யாதவர் பஸ் பிடித்து ஊருக்குப் போனார்.

அதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டது ஒன்றுதான். எந்தக் காகிதத்தில் எடை என்று இருந்தாலும், சேர்த்தா, தள்ளியா என்று கேட்டு, பதிலையும் பக்கத்தில் எழுதிவைக்கிறேன். குழந்தையின் எடைச் சீட்டிலும் எழுதச் சொல்கிறேன். நர்ஸம்மா என்னைப் பார்த்தாலே "தள்ளிதாம்மா" என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். இந்தப் பழக்கத்தை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். இதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்றால், எங்கள் ஹெவி டிரைவர் போன மாதம் விலகிவிட்டார். மறுபடி விளம்பரம் போட்டோம். ஹெவி லைசென்ஸும், லைட்டுக்கு மேற்பட்ட வண்டியில் இரண்டு வருட அனுபவமும் வேண்டும் என்று குழு முடிவு செய்திருக்கிறது. வந்த விண்ணப்பங்களில் ஒன்று கன்னியப்பனுடையது.

அவரே நேரில் கொண்டுவந்து கொடுத்தார். வாலாஜாபாத் ஆலைக்கே திரும்பிப் போயிருக்கிறார். கார் ஓட்ட வேறு ஆள் வந்துவிட்டதால், லாரியில் கிளீனராக ஏறியிருக்கிறார். தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவரான டிரைவருக்குக் கீழே சக்கரம் துடைத்து, அவரிடமே பழகி, லைசென்ஸ் எடுத்து, அந்த லாரியையே இப்போது ஓட்டுகிறார். மூத்த பெண் பள்ளி இறுதி வகுப்புக்கு வந்துவிட்டாள் என்றார். என் மகளுக்கு என்ன வயது என்று கேட்டார்.

முன் அனுபவம் என்ற இடத்தில் இரண்டு வரி எழுதியிருக்கிறார். முதல் வரி, ஆலை லாரி, பதினாறு மாதம், வகுப்பு ஹெவி. இரண்டாவது வரி, சங்கத்துப் பிக்கப், எட்டு மாதம். அதற்கு நேரே வகுப்பு என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறார். இரண்டையும் கூட்டினால் சரியாக இரண்டு வருடம். கட்டம் விட்டுப்போயிருக்கிறதே என்று நான் கேட்டேன்.

"அத்த நீயே எழுதிக்கோம்மா. நான் எழுதினா ஒண்ணு பொய்யா பூடும், இல்லாட்டி கேஸா பூடும்."

கோபத்தில் சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. சொல்லிவிட்டு வணக்கம் சொல்லிப் போய்விட்டார்.

சங்கத்தில் வேலை செய்த காலத்தைச் சரிபார்த்து நிரப்ப வேண்டியது என் பொறுப்பு. ஹெவி என்று எழுதினால் அது உண்மை. அனுபவம் இரண்டு வருடம் நிறைகிறது. ஆனால் உரிய லைசென்ஸ் இல்லாமல் அவர் எட்டு மாதம் ஓட்டினார் என்பதற்கு அதுவே சாட்சி ஆகிறது. அதைக் காட்டியே அவரை ஒதுக்கிவிடக் குழுவில் ஆள் இருக்கிறது. சங்கம்தான் ஓட்டவைத்தது என்பதும் அதே கட்டத்தில் வெளியே வருகிறது. லைட் என்று எழுதினால் தீர்மானத்தில் உள்ள லைட் டிரைவர் என்பதோடும் பழைய சீட்டுகளோடும் பொருந்தும், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் எட்டு மாதம் குறைந்துபோகும், வேலை இன்னொருவருக்குப் போகும். நான் இரண்டாவது முறையாக அதே பொய்யை, இந்தத் தடவை தெரிந்தே, எழுதியவள் ஆவேன். காலியாக விட்டால் அரைகுறை விண்ணப்பம் என்று தள்ளிவிடுவார்கள்.

குழு கூட இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. இந்த வேலைக்கு வந்து ஐந்து நாள்தான் ஆனவராக இருந்தாலும் பரவாயில்லை. அந்தக் கட்டத்தில் நீங்கள் என்ன எழுதுவீர்கள்? ஏன் என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.